சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ல காலைல ஓட எந்தப் பாதை நல்லது?

ஃபேரர்ரோடு_வாசி
வணக்கம் மக்களே. இந்தப் பக்கம் வீடு மாறி மூணு வாரம் ஆச்சு. வயசு 42, சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து பிளாக்குக்குக் கீழேயே சுத்திச் சுத்தி நடந்துட்டு இருந்தேன், இனி மெதுவா ஓட ஆரம்பிக்கணும். அம்மாவும் ஊர்லேருந்து வந்திருக்காங்க, முழங்கால் வலி, படின்னா முடியாது. அவங்க நடக்கணும், நான் ஓடணும், ரெண்டு பேரும் ஒரே இடத்துல திரும்ப சந்திக்கிற மாதிரி வழி இருக்கா? எத்தனை மணிக்குப் போனா நல்லது?

காலைநடை
அண்ணா, பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டில இறங்கி புக்கிட் தீமா கேட் வழியா உள்ள போங்க, லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்குப் பிரச்சினை இல்ல. உள்ள போனதும் ஈகோ லேக் வரும், அந்தப் பக்கம் பெரும்பாலும் சமதளம், பெஞ்சும் நிறைய, அம்மா அங்கேயே நடக்கட்டும். கரையில உடும்பு படுத்திருந்தா பயப்பட வேணாம்னு முன்னாடியே சொல்லி வைங்க, எங்க அத்தை முதல் நாளே திரும்பி ஓடி வந்துட்டாங்க.

நீங்க அங்கேருந்து தெற்கால சிம்ஃபனி லேக், பாம் வேலி தாண்டி தங்ளின் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. நடுவுல பேண்ட்ஸ்டாண்ட் பக்கம் ஏத்தம் இருக்கு, முதல் மாசம் அதை நடந்தே ஏறுங்க, மூச்சு வாங்க ஓடி ரெண்டே நாள்ல விட்டவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். காலைல 5 மணிக்கே திறந்துடும், டிக்கெட் கிடையாது, ஆர்க்கிட் கார்டனுக்கு மட்டும்தான் காசு. இங்க விடியவே 7 மணி ஆகுது, அதனால ஆறரைக்கு ஆரம்பிச்சா வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடலாம்.

மழைக்காடு
மேல சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க: உள்ள ஒரு பழைய மழைக்காடு இருக்கு, ஆறு ஹெக்டேர், தோட்டம் 1859ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடிலேருந்தே நிக்கிற காடு. அங்க ஓடாதீங்க ப்ரோ. போன வருஷம் மழை விட்ட உடனே தேஞ்சுபோன ஷூவோட ஓடினேன், ஈரப் பலகை, வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி ஆறு வாரம் கட்டு. அங்க நடக்கத்தான் வேணும், நடந்தாத்தான் அந்த மரங்களோட உயரமும் தெரியும். அப்புறம் சில நாள் விடியக்காலையிலேயே சுமத்ரா காத்து மழையைக் கொண்டாந்து கொட்டும், இடி கேட்டா மரத்தடியில நிக்காம கூரைக்குக் கீழ போயிடுங்க.

இன்னொண்ணு, சராகா ஸ்ட்ரீம்னு ஒரு ஓடை இருக்கு. ஊர்ல நெட்டுக்குத்தா நிக்கிற நெட்டிலிங்கத்தைத்தான் எல்லாரும் அசோக மரம்னு சொல்றோம், ஆனா உண்மையான அசோக மரத்தோட இனம் இந்த ஓடைக்கரையில இருக்கிறதுதான். பூத்திருக்கிறப்ப போனா அடிமரத்துலயே கொத்துக் கொத்தா மஞ்சள், ஆரஞ்சு பூ. அம்மாவுக்குக் காட்டுங்க.

பேராக்_பேத்தி
எனக்கு ஓட்டம் பத்திப் பெருசா தெரியாது, நடக்கத்தான் போவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் தாத்தா ஞாபகம் வரும். 1877ல ரப்பர் கன்னு இங்க வந்துச்சு, 1888ல பொறுப்பேத்த ரிட்லி இந்தத் தோட்டத்துலதான் மரம் சாகாம பட்டையை மெல்லிசா சீவிப் பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம்தான் மலாயா முழுக்க ரப்பர் எஸ்டேட்டு, நம்ம சனங்க கப்பல் கப்பலா வந்தது. தாத்தா பேராக்ல முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவரு, ஆள்காட்டி விரல் கடைசி வரைக்கும் கத்தி பிடிச்ச மாதிரியே வளைஞ்சிருக்கும். அதனால தம்பி, இங்க நடக்கிறப்ப அதையும் கொஞ்சம் நெனச்சுக்கோங்க.

ஃபேரர்ரோடு_வாசி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை போனோம். நான் ஏத்தத்துல நடந்து, மத்த இடத்துல ஓடி, நாப்பது நிமிஷம் தாக்குப்பிடிச்சேன். அம்மா ஈகோ லேக்ல ரெண்டு சுத்து, அப்புறம் அக்கா சொன்ன ரப்பர் கதையைச் சொன்னேன், அமைதியா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. முடிச்சிட்டு ஆடம் ரோடு ஃபுட் சென்டர்ல தே குடிச்சோம். ஆமா, அஞ்சு வெள்ளி நோட்டுல இருக்கிற தெம்புசு மரமும் இங்கதான் இருக்காமே, அது எந்தப் பக்கம்?

காலைநடை
தங்ளின் பக்கம் அண்ணா, சுத்தி வேலி போட்டிருக்கும். கீழ் கிளை ஒண்ணு தரைக்கு மேல படுத்தாப்ல நீண்டிருக்கும், நோட்டுலயும் அதே கிளைதான். நாப்பியர் ஸ்டேஷன்ல இறங்கினா கிட்ட, அம்மாவை ரொம்ப நடக்க விடாதீங்க.