புதுப்பிப்பு: பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளி நூலகம்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை, என்ன செய்யலாம் என்று ஜூனில் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பரிசும் போட்டியும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. பலன் தந்தது கோபிசெட்டிபாளையத்து ஆசிரியை ஒருவர் சொன்ன யோசனைதான்: அலமாரிப் பூட்டை எடுத்துவிட்டு, பதிவேட்டையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியும் அதுதானே, நூல்கள் பயன்பாட்டுக்கே! இரண்டு புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. அது பெரிய இழப்பில்லை.

எதிர்பாராதது ஒன்று. ஆர். சண்முகசுந்தரம் கொங்கு வட்டாரப் பேச்சோடு எழுதிய ‘நாகம்மாள்’ நாவலுக்கு இப்போது வரிசை நிற்கிறது. முதலில் எடுத்துப்போன மாணவி, அதில் வரும் பேச்சு தன் அம்மாயி (அம்மாவின் அம்மா) பேசுவது போலவே இருக்கிறது என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாயிக்கு இரவில் வாசித்துக் காட்டுகிறாளாம்.