ஜெர்மனியில் ஜெர்மானிஸ்டிக் பி.ஏ.: பி2 போதுமா?

கேள்வி: ஜெர்மானிஸ்டிக் (ஜெர்மன் மொழி, இலக்கியப் படிப்பு) பி.ஏ. சேர ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்றிதழ் போதுமா? இடைக்கால ஜெர்மனும் படிக்கணுமாமே, ரொம்பக் கஷ்டமா?

பதில் 1: பி2 பத்தாது. வழக்கமாகக் கேட்பது டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் நிலை 4, அல்லது பல்கலைக்கழகங்கள் நடத்தும் டிஎஸ்ஹெச் மொழித் தேர்வில் நிலை 2. இந்தப் பாடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கேட்கும் இடங்களும் உண்டு. ஒரு பகுதியில் 3 வந்தாலே பல இடங்களில் சிக்கல்.

பதில் 2: இடைக்கால ஜெர்மனில் தெரியாத சொல்லால் ஆபத்தில்லை, அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்த முகமாக இருக்கும் சொல்தான் கவிழ்க்கும். இன்றைக்கு 'ஹோக்ட்ஸைட்' என்றால் திருமணம். அன்றைய 'ஹோக்ட்ஸீட்' எந்தப் பெருவிழாவும். இன்றைய 'மூட்' துணிச்சல், அன்றைய 'முவோட்' மனநிலை. எளிய சொல்லையும் லெக்ஸரின் இடைக்கால ஜெர்மன் அகராதியில் பாருங்க. ஒலிமாற்றம் பிடிபட்டால் பாதி வேலை முடிஞ்சது: ஈ 'ஐ' ஆகும், ஊ 'அவு' ஆகும். 'மீன் ஹூஸ்' இப்படித்தான் 'மைன் ஹவுஸ்' ஆனது.

பதில் 3: இதைவிட ஹவுஸ்ஆர்பைட்டுக்கு (வீட்டில் எழுதித் தரும் ஆய்வுக் கட்டுரை) பயப்படுங்க. பதினைந்து பக்கத்தில் பத்துப் பக்கம் கதைச்சுருக்கம் எழுதினால் மதிப்பெண் போச்சு. ஒரே கேள்வி, அதுவும் குறுகலாக. மேற்கோளை இணையப் பிரதியிலிருந்து எடுக்காதீங்க, ஆய்வுப் பதிப்பிலிருந்து எடுங்க.