முதலாண்டு எம்.பி.பி.எஸ்.: மூன்று பாடங்களையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா?

கேள்வி: முதலாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின்கீழ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துள்ளேன். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றில் உடற்கூறியலே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. கைப்பகுதிக்கான தேர்வு முடிவதற்குள் கால்பகுதி தொடங்கிவிடுகிறது. செல் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் பெறும் கிளைக்கோலிசிஸின் பத்துப் படிகளை மனப்பாடம் செய்தாலும் அடுத்த வாரமே நொதிகளின் பெயர்கள் மறந்துவிடுகின்றன. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ‘ஏன்’ என்று கேட்டால் விடை வருவதில்லை. இம்மூன்றையும் தனித்தனியாகவே படித்து முடிக்க வேண்டுமா? பெரிய ஆங்கில நூல்களை வரி விடாமல் படிப்பது அவசியமா?

பதில்: ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்

மகளே, பாடவேளையில் மட்டும்தான் இவை மூன்று பாடங்கள். நோயாளியின் உடலில் அப்படிப் பிரிவு எதுவும் இல்லை. மஞ்சள் அரளி விதையைத் தின்றுவிட்ட குழந்தையை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவதை நம் ஊர் மருத்துவமனைகளில் நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். அந்த நஞ்சு, செல் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பை முடக்குகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஒரு ஏடிபி மூலக்கூறைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும் அந்தப் பம்பு நின்றால், செல்லுக்குள் சோடியம் பெருகுகிறது. அதனால் சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றமும் தளர்ந்து, இதயத் தசைச் செல்லில் கால்சியம் தேங்கித் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. உள்ளே போக முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் உயர்கிறது. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் ஏவி கணுவில் அத்தூண்டல் தடைபட்டு நாடித்துடிப்பு குறைகிறது. ஏடிபி எங்கிருந்து வருகிறது என்பது உயிர்வேதியியல். ஏவி கணு எங்கே அமைந்துள்ளது, பெரும்பாலோரில் வலது கரோனரித் தமனியே அதற்கு ஏன் இரத்தம் தருகிறது என்பது உடற்கூறியல். எஞ்சியது என் பாடம். 1957இல் இந்தப் பம்பைக் கண்டறிந்த டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஒவ்வொரு பாடத்தையும் இப்படி ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கி, ‘இது நின்றால் அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். அந்தச் சங்கிலியைப் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அம்புக்குறிகளாக வரைய முடிந்தால், வைவாவின் ‘ஏன்’ உங்களை அச்சுறுத்தாது.

பதில்: உடற்கூறியல் முதுநிலை மாணவர்

ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். உடற்கூறியலைப் பொறுத்தவரை ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: தங்கை, இறந்தோர் உடலை அறுத்துப் பயிலும் கூடத்தில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கண்ணில் கரிக்கிறது என்று பின்வரிசையில் நிற்பவர்களுக்கே, கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலான பிராக்கியல் பிளெக்ஸஸ் வெறும் படமாக நின்றுவிடுகிறது. அக்குளின் கொழுப்பைச் சிறிது சிறிதாக நீக்கும்போது, தமனிக்கு முன்னால் ஆங்கில எம் எழுத்தின் வடிவில் மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்நார் நரம்புகள் தென்படும். தமனியைச் சற்று விலக்கினால் பின்னே ரேடியல் நரம்பு தடிமனாகத் தெரியும். அதை விரலால் தொட்டபடியே மேற்கை எலும்பின் பின்புறப் பள்ளம் வரை பின்தொடர்ந்து பாருங்கள். அந்த எலும்பு நடுவில் முறிந்தவருக்கு மணிக்கட்டு ஏன் தொங்கிவிடுகிறது என்று பிறகு எவரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. அந்தப் பின்னலின் சி5 முதல் டி1 வரையிலான தண்டுவட நரம்பு வேர்களை அன்று மாலையே ஒருமுறை வரைந்து பார்த்துவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. உயிர்வேதியியலுக்கும் இவ்வாறே ஒரு பிடி கிடைக்குமா? பாடத்தை ஆங்கிலத்தில் சிந்திக்க முடியாததும் எனக்குப் பெருந்தடையாக இருக்கிறது.

பதில்: தமிழ் வழியில் படித்த பயிற்சி மருத்துவர்

இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடியிட்ட குழாயைப் பயன்படுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆகவே குழாய்க்குள் வந்த பிறகும் அது கிளைக்கோலிசிஸ் மூலம் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆய்வகம் சேர்வதற்குள் சர்க்கரை அளவு பொய்யாகக் குறைந்துவிடும். குழாயிலுள்ள சோடியம் ஃபுளோரைடு, ஒன்பதாம் படியின் ஈனோலேஸ் நொதியைத் தடுக்கிறது. இதை அறிந்த பிறகு ஒன்பதாம் படி எனக்கு மறக்கவே இல்லை. நொதிகளில் முதலில் திரும்ப முடியாத வினைகளை நிகழ்த்தும் மூன்றை, அதாவது ஹெக்ஸோகைனேஸ், பாஸ்போஃபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் ஆகியவற்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மற்றவை பின்னர் வந்து சேரும்.

மொழியைப் பற்றிய கவலையை விடுங்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். தமிழில் சிந்தித்து மருத்துவம் பயின்றவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். விடுதித் தோழிக்கு முதலில் தமிழில் விளக்குங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெரிய நூலை வரி விடாமல் படிக்க முயல வேண்டாம்: வகுப்பில் நடத்திய பகுதியை அன்றே சிறிய நூலில் படித்துவிட்டு, காரணம் விளங்காத இடத்துக்கு மட்டும் பெரிய நூலைத் திறந்தால் போதும்.