'கேவ் ஆஃப் போன்ஸ்' ஆவணப்படத்தை மாணவர்களுக்குத் திரையிடலாமா?

வினா: சமூக அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். முதற்பாடமே மனிதப் பரிணாமம் என்பதால், அதை நடத்தும்போது ஏதேனும் ஓர் ஆவணப்படத்தின் அரைமணி நேரப் பகுதியைத் திரையிடுவது என் வழக்கம். இந்த ஆண்டு, 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'அன்னோன்: கேவ் ஆஃப் போன்ஸ்' படத்தைத் தேர்ந்தெடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே உள்ள ரைசிங் ஸ்டார் குகையில் எலும்புகளாகக் கிடைத்த ஹோமோ நலேடி என்னும் இனத்தைப் பற்றியது அது.

நம்முடைய மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருந்த அவ்வினத்தார், இறந்தவர்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்றும், குகைச் சுவரில் கோடுகள் கீறினார்கள் என்றும் படம் சொல்கிறது. ஆய்வுக்குத் தலைமை தாங்கும் லீ பெர்கர், இருபது சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத இடுக்கில் நுழைவதற்காக ஏறத்தாழ 25 கிலோ எடை குறைத்து, பல ஆண்டுகள் திரையில் மட்டுமே பார்த்துவந்த, எலும்புகள் கிடந்த அறைக்குள் முதன்முறையாக இறங்கும் காட்சியில் எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

இதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, புதைத்தார்கள் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை என்றார். படத்தில் மறுப்பவர் எவருடைய குரலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. படம் சொல்வது தவறா, அல்லது பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டதா? மாணவர்கள் நான் காட்டுவதை அப்படியே நம்புவார்கள் என்பதால், தெளிவு பெறாமல் திரையிட மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1: அகழாய்வுக் களப்பணியாளர்

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. படத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதியையும், வழக்கு இன்னும் முடியாத பகுதியையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

2013இல் குகையாய்வில் ஆர்வமுள்ள இருவர் அந்த இடுக்கின் வழியே இறங்கி எலும்புகளைக் கண்டார்கள். அதே ஆண்டு, உடல் மெலிந்த ஆறு பெண் ஆய்வாளர்கள் உள்ளே சென்று அவற்றை எடுத்தார்கள். 2015இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டபோது 1,550க்கும் மேற்பட்ட எலும்புகளும் பற்களும், குறைந்தது 15 பேருடையவை, கையில் இருந்தன. 2017இல் அவற்றின் காலம் 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணிக்கப்பட்டது. இவ்வளவு சிறிய மூளையுடைய ஓர் இனம், நம் இனம் ஆப்பிரிக்காவில் உருவாகிவந்த காலத்திலேயே அங்கு வாழ்ந்தது என்பதே பெரும் வியப்பு. இதை நீங்கள் தயக்கமின்றிக் கற்பிக்கலாம்.

புதைத்தார்கள் என்று நிறுவுவது வேறு வேலை. குழி வெட்டும்போது ஏற்கெனவே படிந்திருந்த மண் அடுக்குகள் அறுபடுகின்றன. உடலை வைத்து மூடும்போது அந்த மண் கலைந்து, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்ட நிரப்பாக மாறுகிறது. ஆகவே குழியின் விளிம்பையும் நிரப்பின் வேறுபாட்டையும் காட்ட வேண்டும். உடல் மூடப்பட்ட பிறகு அங்கேயே மட்கியது என்பதற்கு மூட்டுகள் இணைந்த நிலையில் எலும்புகள் கிடைத்திருந்தால் பெரிதும் உதவும். பள்ளமான இடத்தில் கிடந்த உடலின் மேல் மண் தானாகச் சரிந்து மூடியிருந்தாலும் மேலோட்டமாகப் புதைகுழி போலவே தோன்றும். களத்தில் மண்ணைச் சுரண்டி அடுக்குப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது தெரியும்.

கென்யாவின் பாங்கா யா சைதி குகையில் கிடைத்த மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையின் புதைகுழியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி அதன் காலம் 78,000 ஆண்டுகள். எலும்புகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்ததால், மண்ணோடு சேர்த்துச் சாந்து பூசிக் கட்டியாக எடுத்து, ஸ்பெயினிலுள்ள ஆய்வகத்தில் பல மாதங்கள் அங்குலம் அங்குலமாகப் பிரித்தார்கள். குழியின் மண் வேறுபட்டிருந்ததும், குழந்தை பக்கவாட்டில் கால் மடக்கிக் கிடத்தப்பட்டிருந்ததும் தெளிவாயின. அந்த ஆய்வை வழிநடத்திய மரியா மார்டினோன்-டோரஸ்தான், நலேடி புதைத்ததற்குப் போதிய சான்று இல்லை என்று 2023இல் எழுதிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். 2024இல் வேறொரு குழு, பெர்கர் குழுவின் மண் வேதியியல் அளவீடுகளையே மறுபடி கணக்கிட்டு, குழி எனப்பட்ட இடத்தின் மண்ணுக்கும் சுற்றுப்புற மண்ணுக்கும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

சுவர்க் கீறல்களின் நிலை இன்னும் பலவீனமானது. அவற்றின் காலம் கணிக்கப்படவில்லை. குகைச் சுவரான டோலமைட் பாறை இயற்கையாகச் சிதையும்போதே இப்படிக் கோடுகள் தோன்றக்கூடும் என்று மறுப்பவர்கள் சுட்டுகிறார்கள்.

மறுமொழி 2: தொல்மானுடவியல் மாணவர்

களப்பணியாளர் ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் பெர்கர் குழு ஏன் இந்த முடிவுக்கு வந்தது என்பதையும் ஆசிரியை அறிய வேண்டும். அந்த அறையில் நலேடி எலும்புகளைத் தவிர வேறு பெரிய விலங்குகளின் எலும்புகள் இல்லை. எலும்புகளில் கொன்றுண்ணிகளின் பல்தடம் இல்லை. வெள்ளம் அடித்துவந்திருந்தால் சரளையும் மற்ற உயிர்களின் எச்சங்களும் சேர்ந்து வந்திருக்கும். குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை எல்லா வயதினரும் அங்கே கிடக்கிறார்கள். அதே குகையின் லெசடி என்னும் மற்றோர் அறையிலும் நலேடி எலும்புகள் கிடைத்தன.

2015இல் அவர்கள் முன்வைத்தது குழி தோண்டிப் புதைத்தல் அன்று. இறந்தவர்களை வேண்டுமென்றே அங்கு கொண்டுவந்து சேர்த்தல். அறைக்கு முன்பு வேறு வாயில் இருந்திருக்கலாம் என்று அதற்கும் மறுப்பு எழுந்தது உண்மைதான். ஆயினும், புதைகுழி வாதம் தோற்றாலும் இந்த முந்தைய கேள்வி தோற்றுவிடாது. படம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பதே என் வருத்தம். 2025இல் அக்குழு கூடுதல் தரவுகளுடன் கட்டுரையைத் திருத்தி வெளியிட்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மறுமொழி 3: நூலகர்

படம் வெளியான காலவரிசையைச் சேர்க்க விரும்புகிறேன். 2023 ஜூன் தொடக்கத்தில் பெர்கர் குழுவின் மூன்று கட்டுரைகளும் மதிப்பாய்வுக்கு முன்பே முன்பதிப்பாக வெளியிடப்பட்டன. அவற்றை ஏற்ற 'ஈலைஃப்' இதழ், மதிப்பாய்வாளர்களின் கருத்துகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடும் புதிய முறையை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. ஜூலை நடுவில், படம் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, சான்றுகள் போதாது என்ற மதிப்புரைகள் வந்தன. படம் எடுத்து முடிக்கப்பட்ட பிறகு வந்த கருத்துகள் அதில் எப்படி இடம்பெறும்? குகையில் தீ மூட்டினார்கள் என்று படம் காட்டுவதற்கோ அப்போது ஆய்வுக் கட்டுரையே இல்லை. ஆய்வாளர்கள் கண் முன்னே புதியதைக் காணும் மகிழ்ச்சியைப் படம்பிடித்ததில் குறையில்லை. அந்த மகிழ்ச்சியையே முடிவாக வழங்கியதுதான் பிழை என்பது என் கருத்து.

வினவியவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குகைக்குள் இறங்கும் பகுதியையும், குழந்தையின் எலும்புகள் இருப்பதாகச் சொல்லி மண் கட்டியைச் சாந்துடன் வெளியே எடுத்துவரும் பகுதியையும் காட்டிப் படத்தை அங்கே நிறுத்தப் போகிறேன். பிறகு கென்யக் குழந்தையின் சான்றுகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றில் எவை ரைசிங் ஸ்டாரில் உள்ளன, எவை இல்லை என்று மாணவர்களையே சொல்ல வைப்பேன். அதே காலத்தில் நம் பகுதியில் யார் இருந்தார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது?

மறுமொழி 4: அகழாய்வுக் களப்பணியாளர்

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தைச் சொல்லுங்கள், அம்மா. அங்கு இடைப் பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகள் அளவுக்குப் பழமையானவை என்று 2018இல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்கள் குழுவினரும் வெளியிட்டார்கள். கருவிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரைசிங் ஸ்டாரில் நிலைமை நேர்மாறானது: எலும்புகள் குவிந்துகிடக்கின்றன, கருவி என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. இரண்டையும் அருகருகே எழுதிப் போடுங்கள். அடுத்த கேள்விகளை மாணவர்களே கேட்பார்கள்.