புதன்கிழமை மணல்: நாற்பது நிமிடமா, முழுக் காலையா?

ஓய்வுபெற்ற அதிபர்
நேற்று இங்கே ஒரு முன்பள்ளி ஆசிரியை, "எங்கள் பிள்ளைகள் விளையாடியே படிக்கிறார்கள்" என்று பெருமையடித்திருந்தார். என் பேத்தி போவதும் அவரிடம்தான். நான்கு வயது முடிந்துவிட்டது, இன்னும் 'அ' எழுதத் தெரியாது. புதன்கிழமை என்றால் முழுக் காலையும் மணலில் கிடக்கிறாள். மண்ணில் விளையாட ஆசிரியை எதற்கு? லயன் வீட்டு வாசலில் இல்லாத மண்ணா? தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 34 வருடம் கற்பித்தவன் சொல்கிறேன், நம்மைக் கரையேற்றியது கொப்பியும் பென்சிலும்தான்.

தலவாக்கலை டீச்சர்
முழுக் காலையா? ஐயா, மணல் நேரம் 40 நிமிடம். ஒன்பதரைக்குத் தொடங்கிப் பத்து பத்துக்கு முடிகிறது.

திங்கள் கதை, செவ்வாய் களிமண், புதன் மணலும் தண்ணீரும். வெள்ளிக்கிழமை தோட்டத்து ரோட்டில் நடந்து இலை, பூ, கல் பொறுக்கி வந்து நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். வியாழனைத்தான் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அன்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் விளையாட்டு. சிரட்டையில் கயிறு கட்டிய தராசு. ஒருவன் கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் கொழுந்தெடுப்பவர்கள். போன வாரம் நாலரை வயதுப் பையன், "பத்து கிலோ. தண்ணீருக்கு இரண்டு கழித்தால் எட்டு" என்றான். எதிரில் நின்ற சிறுமி விடவில்லை. "இன்றைக்கு மழையே இல்லை, என்ன தண்ணீர்?" என்று கேட்டாள். ஈரக் கொழுந்தென்று எடையில் கழிப்பதைப் பற்றித் தாய்மார் மலையில் இருந்து கொண்டுவரும் பேச்சு அது. கழித்தலும் வந்தது, நியாயம் கேட்கவும் வந்தது. எந்தக் கொப்பியில் இது வரும்?

ஓய்வுபெற்ற அதிபர்
நான் கேட்டது புதன்கிழமையை. நீங்கள் சொல்வது வியாழக்கிழமையை. பத்து மணிக்கு நான் வந்தபோது பேத்தி மணலில் இருந்தாள். பதினொரு மணிக்கு அழைத்துப்போக வந்தேன், அப்போதும் அங்கேதான் நின்றாள். இது நாற்பது நிமிடமா?

பண்டாரவளை அப்பா
டீச்சர் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் பெயர்ப்பலகையில் 'மொண்டிசோரி' என்று போட்டுக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்தை வரிவரியாக எழுதவைக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கே வந்தவர். 1907இல் ரோமில் அவர் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியது யாருக்காக? தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் தனியாக நின்ற தொழிலாளர் பிள்ளைகளுக்காக. நம் தோட்டத்துப் பிள்ளை காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருப்பவர்களும் அதே பிள்ளைகள்தானே?

ஓய்வுபெற்ற அதிபர்
தம்பி, அரைகுறையாகப் படித்துவிட்டு எழுத வேண்டாம். அதே அம்மையார் சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நான்கு வயதில் அவர்கள் எழுதினார்கள். அவர் என் பக்கம்.

தலவாக்கலை டீச்சர்
அந்த எழுத்துகளை அவர்கள் முதலில் விரலால் தடவினார்கள். பென்சில் பிறகுதான் வந்தது. என் பிள்ளைகள் மணலில் செய்வதும் அதைத்தான்! உங்கள் பேத்தி புதன்கிழமை 'அ' போட்டாள். விரலால் போட்டாள். கொப்பியைப் புரட்டினால் அது எங்கே தெரியும்? விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால்தானே எழுதவைக்கிறோம்? அரிசியில் எழுதினால் கல்வி, மணலில் எழுதினால் வீண்பொழுதா?

இன்னொன்று. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 பிள்ளைகளுக்கே வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டைத்தான் முதலில் வைத்தது. மேசையில் உட்கார்ந்து எழுதும் வேலை மிகக் குறைவு. அப்போது நீங்கள் பதவியில் இருந்தீர்கள். பாடசாலைக்குப் போன பிள்ளைக்கே அப்படியென்றால், போகாத பிள்ளையிடம் ஏன் கொப்பியை நீட்டுகிறீர்கள்?

போன வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய பேச்சில் எங்களை "சம்பளம் வாங்கும் ஆயாக்கள்" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. பதினொரு மணிக்கு நீங்கள் பார்த்தது கை கழுவ நின்ற வரிசை. 22 பிள்ளைகள், ஒரே குழாய். மணல் 40 நிமிடம்தான்.

ஓய்வுபெற்ற அதிபர்
கை கழுவுவது மணலில் விளையாடியதால்தானே? அப்படியானால் அதுவும் மணல் நேரம்தான்.

மஸ்கெலியா அம்மா
நீங்கள் இருவரும் நிமிடக் கணக்குப் பார்க்கிறீர்கள். ரூபாய்க் கணக்கை யாரும் பேசவில்லை. 2023இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்தபோது, என் மகளின் முன்பள்ளிக் கலைவிழா உடுப்புக்கு மூன்று நாள் சம்பளத்தைக் கொடுத்தேன். அவள் பட்டாம்பூச்சியாக மேடையில் நின்றது ஐந்து நிமிடம்.

பண்டாரவளை அப்பா
அக்கா, கலைவிழாவும் வேண்டாம் என்றால் நம் பிள்ளைகளின் கூச்சம் எப்போது போகும்? நான் முதன்முதலில் மேடை ஏறியது இருபது வயதில். கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

மஸ்கெலியா அம்மா
கூச்சம் போக வாடகை இறக்கை வேண்டுமா தம்பி? பழைய சேலையில் தைத்தால் போகாதா? கடன் வாங்கிக் கொடுத்தவள் நான்.

தலவாக்கலை டீச்சர்
எங்கள் கலைவிழாவில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குதான் உடுப்பு, கொழுந்துக் கூடை கட்டி ஆடுகிறார்கள். வாடகை உடுப்பு எடுத்ததே இல்லை. எல்லா முன்பள்ளிகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள் அக்கா.

ஓய்வுபெற்ற அதிபர்
கூடை கட்டி ஆடவா? அந்தக் கூடையை இறக்கத்தானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோம்! என் அம்மா பெருவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர். எத்தனை நாள் சம்பளம் விழுந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆறு வயதில் நான்தான் சம்பளத் துண்டை வாசித்துச் சொன்னேன். எழுத்து ஒரு நாள் பிந்தினாலும் எனக்குப் பதறுகிறது. இது உங்களுக்குப் புரியாது.

தலவாக்கலை டீச்சர்
புரியாதா? என் அம்மாவும் ரேகை வைத்தவர்தான். அவர் கட்டிய கூடையை மேடையில் கட்ட எனக்கு வெட்கமில்லை. ஆறு வயதில் உங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, நல்லது. உங்கள் பேத்திக்கு இப்போது நான்கு. அந்த இரண்டு வருடத்தை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள் என்கிறேன்.

அடுத்த புதன் ஒன்பதரைக்கே வாருங்கள். மணலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடுகிறேன்.

ஓய்வுபெற்ற அதிபர்
பத்து மணிக்கு வருகிறேன். போன தடவையும் பத்து மணிக்குத்தான் வந்தேன். அப்போது மணலில்தான் இருந்தாள்.

தலவாக்கலை டீச்சர்
பத்து மணிக்கு மணலில்தான் இருப்பாள். பத்து பத்துக்குத்தானே முடிகிறது!

ஓய்வுபெற்ற அதிபர்
பதினொன்றுக்கும்.

கொட்டகலை அம்மா
என் மகனும் அதே வகுப்பில்தான் இருக்கிறான். மூன்று நாளாக விடாத மழை. போன வாரம் காற்சட்டை நனைந்து வந்து இரவெல்லாம் இருமினான். நாளை மணல் உண்டா டீச்சர்? மாற்று உடுப்பு கொடுத்து விடட்டுமா?

தலவாக்கலை டீச்சர்
கொடுத்து விடுங்கள் அக்கா. மணல் தொட்டிக்கு மேலே தகரம் போட்டிருக்கிறோம், சாரல்தான் அடிக்கிறது. மழை கூடினால் உள்ளே தட்டில் மணல் பரப்பிக் கொடுப்பேன். அப்போதும் 40 நிமிடம்தான்.