செப்டம்பரில் ஒரு வாரம்: யானைக் குடும்பம் பார்க்க மின்னேரியாவா, அம்போசெலியா?

ஆனைமலைக்காரி (கேள்வி)

நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் ஒரு வாரப் பள்ளி விடுமுறையில், 10 வயது மகனையும் 68 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு காட்டு யானைகளைப் பார்க்கச் செல்ல எண்ணியிருக்கிறேன். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து செல்லும் யானைகளைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன் என்றாலும், அவை இரண்டு நிமிடத்தில் சோலைக்குள் மறைந்துவிடும். கன்றுகளோடு ஒரு குடும்பம் மேய்வதையும் குளிப்பதையும் ஒரு மணி நேரமாவது இருந்து பார்க்க வேண்டும். இலங்கையின் மின்னேரியா, கென்யாவின் அம்போசெலி இரண்டில் எது எங்களுக்குப் பொருந்தும்?

திருமலைவாசி

வணக்கம் அம்மா. திருகோணமலையிலிருந்து கண்டிக்கு ஹபரணை வழியாகப் போய்வருபவன் என்பதால் மின்னேரியா எனக்குப் பழகிய இடம். அங்கே யானைகள் கூடுவதற்குக் காரணம் மகாசேன மன்னன் கட்டிய குளந்தான். வயல்களுக்கு நீர் திறந்துவிடப்பட்டுக் குளம் வற்றத் தொடங்கும்போது, நீர் விலகிய தரையெங்கும் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக்காடு காய்ந்து கிடக்கும் அந்நாட்களில் குடிநீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் 200, 300 யானைகள்கூட அங்கே திரள்வதுண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு வறண்ட மாதங்களிலும் குளத்துக்குத் தண்ணீர் வந்துசேர்வதால், சில ஆண்டுகளில் அந்தப் புல்தரை போதிய அளவு வெளிப்படுவதே இல்லை. அப்போது யானைகள் வேறிடம் போய்விடுகின்றன. ஆகையால் மின்னேரியாவுக்கு மட்டும் முன்பணம் கட்டிவிடாமல் ஹபரணையில் தங்குங்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு ஆகிய மூன்று காடுகளில் அன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் ஜீப் ஓட்டுநர்களிடம் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மாலையில் ஒரே குடும்பத்தைப் பத்திருபது ஜீப்புகள் வளைத்து நிற்கும் அவலத்தையும் நீங்கள் பார்க்க நேரலாம்.

பெரிய கொம்பன்களை எதிர்பார்த்து வராதீர்கள். இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. தந்தமில்லாத ஆண் யானையை நீங்கள் மக்னா என்பீர்கள்; எங்கள் பக்கத்தில் அலியன் என்போம்.

நைரோபிவாசி

நீங்கள் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் அம்போசெலியில்தான் எளிதில் வாய்க்கும் என்பது என் கருத்து. பூங்கா 392 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பகுதி மறைப்பில்லாத சமவெளி. கிளிமஞ்சாரோவில் பெய்யும் நீர் எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, இங்கே ஊற்றாகக் கிளம்பிச் சதுப்புநிலங்களை வறட்சியிலும் ஈரமாக வைத்திருக்கிறது. யானைகள் காலையில் வரிசையாக அங்கே வந்து, வயிறளவு நீரில் நின்று மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும். 1972 முதல் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் குழுவினர் அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கவனித்து வருகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்து, அதன் உறுப்பினர்களுக்கு அந்த எழுத்தில் தொடங்கும் பெயர். இங்குள்ள பல குடும்பங்கள் வாகனங்களுக்கு நன்கு பழகியவை. பெண் யானைக்கும் தந்தம் இருப்பதைக் கண்டு உங்கள் மகன் வியப்பான்.

இருந்தாலும் உங்களுக்கு இந்த முறை மின்னேரியாவையே சொல்வேன். கென்யாவிலிருந்து 6 நாட்களுக்குள் சிங்கப்பூர் திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியை மருத்துவர்கள் யோசித்தே போடுவார்கள். விமானப் பயணத்துக்குப் பின் நைரோபியிலிருந்து நான்கு மணி நேரச் சாலைப் பயணமும் இருக்கிறது.

ஆனைமலைக்காரி

இருவருக்கும் நன்றி. ஹபரணை என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு யானை என்றாலே சற்று அச்சம். அது சினந்திருப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

வேட்டைத்தடுப்புக் காவலர் (ஓய்வு)

முடியும் அம்மா. மேய்ந்துகொண்டிருந்த பிடி (பெண் யானை) மேய்வதை நிறுத்தி, தும்பிக்கையை உயர்த்தி உங்கள் பக்கம் மோப்பம் பிடித்தால், அதற்கு உங்கள் இருப்பு உறுத்துகிறது என்று பொருள். காதுகளை விரித்து, வாலை விறைத்து, தலையைக் குலுக்கினால் அங்கே நிற்கவே கூடாது. தாய்க்கும் கன்றுக்கும் இடையில் ஜீப் போகும்படி ஒருபோதும் விடாதீர்கள். நம் ஆசிய யானைகளில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்து, சிறுநீரும் சொட்டிக்கொண்டு வரும் ஆண் யானைக்கு வழிவிட்டு வெகுதூரம் விலக வேண்டும். ஆப்பிரிக்க யானைகளில் பரபரப்படைந்த பிடிகளுக்கும் கன்றுகளுக்கும்கூடக் கன்னத்தில் நீர் வழியும் என்பதால், அங்கே அதை மட்டும் வைத்து மதம் என்று சொல்லிவிட முடியாது.

யானையைத் துரத்த வேண்டாம், எஞ்சினை அணைத்துவிட்டு ஓரிடத்தில் நின்றால் போதும் என்று ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். ஜீப்பின் பின்பக்கம் குலுக்கி எடுக்கும்; அம்மாவை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள்.