முடக்குவாதம்: கோவை ஆய்வை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தலாமா?

பல்லடம் தறி:
எங்கள் அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து 4 வருசம். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். மாட்டின் காம்பைப் பிடிக்க முடியாமல் போய், கறவை மாட்டையே விற்றோம். இப்போது வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். மறுநாள் முழுக்கக் குமட்டல், சோறு இறங்காது. புற்றுநோய் மருந்து என்று சொந்தக்காரர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். 2011-ல் வெளியான கோவை ஆய்வில், ஆயுர்வேதமும் இந்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கேட்டன என்றுதானே வந்தது? பக்கவிளைவும் ஆயுர்வேதத்தில் குறைவு. அமெரிக்க அரசுப் பணத்தில் நம்ம ஊரில் நடந்த ஆய்வுங்க. அப்புறம் எதற்கு இந்த மாத்திரை?

நொய்யல்கரை:
அந்த ஆய்வை நானும் படித்தேனுங்க. நல்ல ஆய்வு. வைத்தியர் ஆளுக்குத் தகுந்தபடி மருந்து தரலாம் என்று விட்டு, யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பதையும் மறைத்துச் செய்தார்கள். இது லேசான வேலை இல்லை. ஆனால் மொத்தமே 43 பேர், மூன்று குழு, 36 வாரம். குழுவுக்கு 12 முதல் 17 பேர்தான். லாரி நிறுக்கும் எடைமேடையில் இரண்டு மஞ்சள் கிழங்கை மாற்றி மாற்றி வைத்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் இரண்டும் ஒரே எடை என்று ஆகிவிடுமா? அவர்களே தலைப்பில் முன்னோட்ட ஆய்வு என்றுதான் போட்டிருக்கிறார்கள். வலி, வீக்கம் குறைவது சில மாதத்தில் தெரியும். மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுத் தேய்வது நின்றதா என்பதை வருசக் கணக்கில் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கோபி மஞ்சக்காடு:
சின்ன ஆய்வு என்று தள்ளுவது சுலபம். கஷாயத்துக்குக் காப்புரிமை கிடையாது, பெரிய ஆய்வுக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இதே கதிதான். அதன் அண்ணன் மாதிரியான அமினோப்டெரின் முடக்குவாதத்துக்குக் கேட்கிறது என்று 1951-லேயே எழுதினார்கள். முறையான ஆய்வு 1985-ல், அமெரிக்க அனுமதி 1988-ல். அந்த 37 வருசத்தில் எத்தனை பேர் கை கோணியிருக்கும்! இன்னொன்று: இந்த மருந்துகளை உருவாக்கிய குழுவை நடத்திய எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு பக்கமும் கால் வைத்தவர் அவர். நாம்தான் வேலி போடுகிறோம்.

நொய்யல்கரை:
பெரிய ஆய்வு வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன், அண்ணா. நானூறு பேரை வைத்து, அரசே செலவு செய்து நடத்தட்டும். ஆனால் அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? என் அக்கா நிறுத்தினாள். ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொடியைச் சாப்பிட்டு, மூன்றாம் நாளே அம்மியில் அரைத்தாள். வீடே கும்பிட்டது. இரண்டு மாதத்தில் முகம் வட்டமாக உப்பியது, சர்க்கரை ஏறியது. பொடியில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்றார் டாக்டர். 1948-ல் அமெரிக்க டாக்டர் ஹென்ச், முடக்குவாதக்காரர்களுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோதும் படுத்திருந்தவர்கள் சில நாளில் நடந்தார்கள், 1950-ல் நோபல் பரிசும் வந்தது. பிறகுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. பொடியையும் விட்டபின் அக்கா வேறு மருந்து எதுவும் தொடவில்லை. இன்று அவள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. சட்டைப் பித்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். அதை ஆயுர்வேதத்தின் தப்பு என்று சொல்லவில்லை. மாத்திரை இல்லாமல் போன இரண்டு வருசம்தான் தப்பு.

தறிக்காரரே, புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு. இதில் வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. குமட்டலைக் குறைக்க ஃபோலிக் அமிலம் எழுதித் தந்தார்களா? ஈரல் ரத்தப் பரிசோதனை தவறாமல் எடுக்கிறீர்களா? குமட்டல் தாங்காவிட்டால் ஊசியாகவும் போடலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

பல்லடம் தறி:
பரிசோதனை எடுக்கிறோம். ஃபோலிக் அமிலம் சீட்டில் இருக்கிறது. இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். சத்து மாத்திரைதானே என்று வாங்காமலே விட்டிருக்கிறார். இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். ஆனாலும் 43 பேர் போதாது என்றால், மீதிப் பேரைச் சேர்க்க வேண்டியது யார் பொறுப்பு என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறதுங்க.